கொடும்பாவிக்குக் கட்டிய என் சேலை

எங்கள் கிணற்றில் மூன்று வீட்டுக்குப் பங்கு. ஒரு பங்கு என் வீட்டுக்காரருக்கு. ஒன்று அவருடைய அண்ணனுக்கு. மூன்றாவது பங்கு மேற்குப் பக்கம் தோட்டம் வைத்திருந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துக்கு. அந்த வீட்டுக்காரரை நாங்கள் மேக்காட்டு அண்ணன் என்று சொல்வோம். ஆளுக்கு இரண்டு நாள் முறை. யாருடைய முறையோ அவர்கள் வீட்டு ஆணியில் மோட்டார் ரூம் சாவி தொங்கும். இரண்டு நாள் முடிந்ததும் அடுத்த வீட்டு ஆணிக்குப் போய்விடும். தண்ணீர் இருந்த வரைக்கும் அந்தச் சாவியால் ஒரு பேச்சு வந்ததில்லை.

ஊர் தாடிக்கொம்புக்குப் பக்கம். திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினால் கால் மணி, அரை மணி. என் வீட்டுக்காரர் நூல் மில்லில் ஷிப்டு வேலை பார்த்தார். அதனால் எங்கள் பங்குத் தண்ணீரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தக்காளி, மிளகாய், கொஞ்சம் கனகாம்பரம். அண்ணன் வீட்டில் தென்னை. மொத்தம் நாற்பத்தோரு மரம். எல்லாம் அக்கா வைத்தது. அக்கா என்று நான் சொல்வது அண்ணன் பெண்டாட்டியை. ஒவ்வொரு கன்றுக்கும் இடுப்பில் குடம் வைத்துச் சுமந்து ஊற்றியவள் அவள்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். என் வீட்டுக்காரரின் அண்ணனை நான் பெரியவர் என்றே எழுதுகிறேன். அவரோடு நான் நேருக்கு நேர் பேசியது கிடையாது. எங்கள் வழக்கத்தில் தம்பி பெண்டாட்டி மூத்தவர் முன்னால் நின்று பேசமாட்டாள். அவர் வந்தால் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு ஒதுங்கிவிடுவேன். சொல்ல வேண்டியது இருந்தால் அக்காவிடம் சொல்வேன். அவர் நாலடி தள்ளி நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். பதில் அக்கா வழியாக வரும். பக்கத்து வீட்டில் குடியிருந்து இருபத்தெட்டு வருஷம் இப்படியே ஓடியது. எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. ஆள் கூடினாலே நாக்கு ஒட்டிக்கொள்கிற பிறவி நான். பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரை இருந்தேன். அங்கேயும் வாத்தியார் கேள்வி கேட்டால் விடை தெரிந்தும் எழுந்திருக்க மாட்டேன்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது கிணற்றில் மாடு கட்டித்தான் இறைத்தார்கள். அமாவாசையன்று மாட்டைப் பூட்டமாட்டார்கள். அன்றைக்கு மாட்டுக்கு ஓய்வு, கிணற்றுக்கும் ஓய்வு. பிறகு மோட்டார் வந்தது. கரண்டுக்குக் காசு வேண்டாம் என்று ஆனது. அமாவாசையை யாரும் நினைக்கவில்லை. மோட்டாருக்கு எதற்கு அமாவாசை.

தொண்ணூறுகளில் ஒரு பெட்டி வந்தது. அதற்கு ஆட்டோ என்று பெயர். தோட்டத்து மோட்டாருக்கான கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. காலையில் வரும், ஒரு நாள் மத்தியானம் வரும். முன்னே எல்லாம் காத்துக்கிடந்து போட வேண்டும். இந்தப் பெட்டியைப் பொருத்தி, குமிழை ஆட்டோ பக்கம் திருப்பி வைத்துவிட்டால் கரண்டு வந்ததும் மோட்டார் தானாக ஓடும். போனால் நிற்கும். மறுபடி வந்தால் மறுபடி ஓடும். ஆள் வேண்டியதில்லை. எங்கள் மூன்று வீடும் சேர்ந்து ஆசையாக வாங்கி மாட்டினோம். "இனிமே கெணறு கவர்மெண்டு உத்தியோகம் மாதிரி, அதுபாட்டுக்கு ஓடும்" என்றார் மேக்காட்டு அண்ணன்.

அப்போதெல்லாம் ஐப்பசியில் மழை பிடித்தால் கிணறு நிரம்பி மேல் கட்டு வரைக்கும் வரும். எட்டிக் குடத்தை முக்கலாம். வாய்க்காலில் ஓடி மிஞ்சிய தண்ணீர் வரப்பு உடைத்துப் பாதையில் போகும். நாங்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு தாண்டிப் போவோம். ஒருவருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

இரண்டாயிரம் பிறந்த பிறகு மழை குறைந்தது. ஒரு வருஷம் சரி, இரண்டாம் வருஷம் சரி. மூன்றாவது வருஷமும் ஐப்பசி வெறுமனே போனபோது பேச்சு மாறியது. ரேஷன் கடை வரிசையில், பஸ்ஸில், சாவு வீட்டில், எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. கொடைக்கானல் மலையில் மரத்தை வெட்டிவிட்டார்கள் என்றார் ஒருவர். ஆற்றில் மணலை அள்ளிவிட்டார்கள் என்றார் ஒருவர். ஊருக்குள்ளே தப்புத்தண்டா பெருகிவிட்டது, அதுதான் வானம் மூடிக்கொண்டது என்று ஒரு கிழவி சொல்லி, அவள் மருமகள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மருமகள், "ஆமா, எங்கத்தை பாவம் ஒண்ணு போதும், ஏழு வருசத்துக்குத் தாங்கும்" என்றாள்.

ஒரு நாள் ரேடியோவில் ஒருவர் பேசினார். பூமி சூடாகிக்கொண்டு போகிறதாம். மனிதர்கள் விடுகிற புகையும், மனிதர்கள் செலவழிக்கிற விதமும் காரணமாம். நானும் அக்காவும் மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டே கேட்டோம்.

"ஏண்டி, நம்ம வீட்டு அடுப்புப் புகையா அம்புட்டு உசரம் போயிருச்சு?" என்றாள் அக்கா.

அந்தப் பக்கம் வந்த மேக்காட்டு அண்ணன், "வெளிநாட்டுக்காரன் வீட்டுக்கு மூணு காரு ஓட்டுறான். வெயிலு நம்ம தலையில விழுகுது. நம்ம என்ன செய்ய முடியும், சொல்லுங்க" என்றார்.

எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. யாரோ எங்கேயோ செய்த தப்பு. நான் ஒரு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள்.

அந்தப் பங்குனியில் கிணற்றின் அடிப்பாறை தெரிகிற நிலைமைக்கு வந்தது. எங்கள் கிணறு மேலே கல் கட்டு, அதற்குக் கீழே பாறை. பாறையில் ஆள் இறங்க இருபத்திரண்டு படி வெட்டியிருக்கும். ராத்திரி முழுக்க ஊறினால் ஒரு படி அளவு தண்ணீர் நிற்கும். அரை மணி நேரம் இறைத்தால் தீர்ந்துவிடும். மோட்டார் தண்ணீருக்குள்ளே கிடக்கிற வகை. தண்ணீர்தான் அதற்குக் குளிர்ச்சி. தண்ணீர் வற்றிய பிறகும் ஓடினால் உள்ளே சுற்றியிருக்கிற காயில் கம்பி எரிந்துபோகும். இது எங்கள் மூன்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் முறை வந்த அன்று ஒட்டன்சத்திரத்தில் என் தங்கை பேத்திக்குக் காதுகுத்து. வீட்டுக்காரருக்குக் காலை ஷிப்டு. விடிந்து வெகுநேரமாகியும் கரண்டு வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. முறைத் தண்ணீரை விடவும் மனசு இல்லை. அந்த அரை மணித் தண்ணீரும் நமக்கு இல்லாமல் போனால் தக்காளிப் பிஞ்சு சுருண்டுவிடும். மத்தியானத்துக்குள் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக் குமிழை ஆட்டோ பக்கம் திருப்பினேன். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன்.

காதுகுத்தில் தாய்மாமன் வரத் தாமதம். பிறகு பந்தி. பிறகு பஸ்ஸில் இடமில்லை. மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய் ஏற்றிப் போகிற லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. நான் ஊர் திரும்பியபோது வெயில் சாய்ந்துவிட்டது.

கிணற்றை நெருங்கும்போதே வாசனை வந்தது. ரப்பரும் அரக்கும் சேர்ந்து கருகின மாதிரி. தக்காளிப் பாத்தியில் முதல் நாலு வரிசைதான் நனைந்திருந்தது. ரூமைத் திறந்தேன். பியூஸ் கம்பி உருகிக் கறுத்துக் கிடந்தது. குமிழ் மட்டும் நான் வைத்த இடத்தில், ஆட்டோ பக்கம், அப்படியே இருந்தது.

நான் செய்த முதல் காரியம் அந்தக் குமிழைத் திருப்பி வைத்ததுதான். பிறகு கதவைச் சாத்திப் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டி, காதுகுத்துச் சேலையை அவிழ்த்து மடித்து வைத்தேன்.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "வோல்டேஜ் கொறவா வந்திருக்கும். அதான் தூக்கிருச்சு" என்றார்.

"ம்" என்றேன்.

பொய் சொன்னேன் என்று சொல்ல முடியாது. ஓர் எழுத்துத்தான் சொன்னேன். ஆனால் அந்த எழுத்து தொண்டையிலேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பல நாள் சோறு இறங்கும்போது தெரிந்தது.

மறுநாள் மோட்டாரைத் தூக்கி, திண்டுக்கல்லில் காயில் கட்டுகிற கடைக்கு வண்டியில் கொண்டு போனார்கள். அங்கே எரிந்த மோட்டார்கள் வாசல் வரைக்கும் அடுக்கிக் கிடந்ததாம். கடைக்காரர் எழுதிக்கொண்டே, "என்ன, வோல்டேஜா? இந்த வருசம் எல்லாருக்கும் வோல்டேஜ்தான்" என்று சொல்லிச் சிரித்தாராம். வீட்டுக்காரர் வந்து சொன்னபோது அந்தச் சிரிப்பு எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

பெரியவர் கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்தார். அடியில் பாறையும் கொஞ்சம் சகதியும். மேலே ஏறி வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கெணறு செத்துருச்சு" என்றார். என் மாமனார் செத்த அன்றும் அவர் அப்படித்தான் சொன்னார்.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. பெரியவர் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அவனோடு போய்விடுவது. நிலத்தைப் பிளாட் போடுகிறவர்களிடம் பேசுவது. தென்னை மரங்களைச் செங்கல் சுடுகிற காளவாசலுக்கு விறகாகக் கொடுத்துவிடுவது. வெள்ளிக்கிழமை வெட்ட ஆள் வரும்.

அக்கா வந்து இதை என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "திருப்பூர்ல பைப்பைத் திருகுனா தண்ணி வருமாம்டி. எனக்கென்ன கொறச்சல்" என்றாள். சொல்லிவிட்டு என் வீட்டு மிளகாயைத் தானாக எடுத்துக் காம்பு கிள்ள ஆரம்பித்தாள். மூன்று மிளகாய் கிள்ளினாள். எழுந்து போய்விட்டாள்.

மோட்டார் இல்லாத அந்த நாட்களில் நான் தினமும் உச்சிப் பொழுதில் கிணற்றுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் சவரம் செய்கிற சின்னக் கண்ணாடியை எடுத்துப் போவேன். வெயிலைக் கண்ணாடியில் பிடித்து உள்ளே அடித்தால் அடிவரைக்கும் தெரியும். முதல் நாள் வெறும் பாறை; ஒட்ட உறிஞ்சிய ஊற்று மறுபடி கண் திறக்க நாள் பிடித்தது. மூன்றாம் நாள் ஒரு பளபளப்பு. ஒரு வாரத்தில் கீழ்ப்படி மறைந்தது. அடுத்த வாரம் மூன்றாம் படி. யாரும் தொந்தரவு செய்யாமல் விட்டதும் கிணறு தானாக ஊறிக்கொண்டிருந்தது. செத்துவிட்டது என்று முடிவானதால் வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அக்காவிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "தண்ணி கொஞ்சம் நிக்கிற மாதிரி இருக்குக்கா."

"நின்னு என்ன செய்ய. இவரு நம்ப மாட்டாருடி. நம்ம இறைக்காமயே வத்துன கெணறு, இனி எங்க நிக்கப்போகுதுங்கிறாரு. அன்னைக்கு உங்க முறையில அரை மணிக்கூடத் தண்ணி வரலையாம்ல. வோல்டேஜ்ல மோட்டார் நின்னு போச்சு, அப்படியும் காலையில பாத்தா பாறைதான். அதுக்கு மேல என்னத்தச் சொல்ல?"

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். கிணறு உயிரோடு இருக்கிறது என்று அவர் நம்ப வேண்டுமானால், அன்று அதைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சியது யார் என்று சொல்ல வேண்டும். அக்காவிடம்கூட என் வாய் வரவில்லை. புதன் சொல்லலாம், வியாழக்கிழமை சொல்லலாம் என்று மனசுக்குள் தள்ளிப்போட்டேன்.

அந்த வாரம் ஊரில் கொடும்பாவி கட்டி இழுக்கிறதாக முடிவு செய்தார்கள். வெளியூரில் இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். மழை இல்லாவிட்டால், ஊரில் யாரோ ஒரு பெரிய பாவி இருக்கிறாள், அவளால்தான் மழை வரவில்லை என்று வைக்கோலில் ஒரு பெண் உருவம் செய்வார்கள். அதைப் பிணம் மாதிரி தெருத்தெருவாக இழுத்துப் போவார்கள். பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். கடைசியில் வறண்ட குளத்தில் வைத்துக் கொளுத்துவார்கள். பாவி போனால் மழை வரும் என்று நம்பிக்கை.

புதன்கிழமை காலையில் அதற்குப் பழைய சேலை கேட்டு வீட்டுக்கு வந்தார்கள். பெட்டியைத் திறந்து கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தேன். நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட சின்னாளபட்டிச் சேலை. ஓரம் கிழிந்திருந்தது. பழசு கேட்டார்கள், கொடுத்தேன், அவ்வளவுதான்.

சாயந்திரம் மேளச் சத்தம் கேட்டு வெளியே வந்து பார்த்தால், என் சேலையைக் கட்டிக்கொண்டு கொடும்பாவி தெருவில் வருகிறாள். நல்ல உயரம். கரியால் கண் எழுதி, சட்டித் தலை வைத்து, முந்தானையை நான் போடுகிற மாதிரியே தோளைச் சுற்றி இழுத்துச் செருகியிருந்தார்கள்.

அக்கா என் விலாவில் இடித்தாள். "ஏண்டி, உன் சேலையில பாவி அம்சமாத்தான் இருக்கா. நீ ஒரு நாளாவது இப்படி நிமிந்து நடந்திருக்கியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் வட்டத்தில் சேர்ந்தேன். மாரில் கை வைத்ததுதான் தெரியும். அழுகை வந்தது. மற்றவர்கள் வழக்கத்துக்கு அழுதார்கள். எனக்கு மூக்கில் ஒழுகியது.

"போதும்டி, நெசமாவே எழவு விழுந்த மாதிரி அழுகுற" என்றாள் அக்கா. பிறகு என் முகத்தை ஒரு தரம் சரியாகப் பார்த்தாள். தன் முந்தானையைக் கொடுத்தாள்.

மேக்காட்டு அண்ணன் வேப்ப மரத்தடியில் நின்று வேடிக்கை பார்த்தார். "எங்க கோயில்லயும் ஞாயித்துக்கெழம மழைக்குப் பூசை வச்சாச்சு. மேல ரெண்டு பேரும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வரட்டும்" என்றார்.

குளத்தில் தீ வைத்தார்கள். வைக்கோல் சீக்கிரம் போய்விட்டது. சேலைதான் கொஞ்ச நேரம் சுருண்டு சுருண்டு எரிந்தது. எல்லாரும் பாவி ஒழிந்தாள் என்று முகம் தெளிந்து வீட்டுக்குத் திரும்பினார்கள். நான் மட்டும் முழுசாக அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை. வெட்ட வேண்டிய மரத்தைக் குறிக்கக் காளவாசல் ஆள் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். கையில் சுண்ணாம்பு டப்பா. பெரியவரும் மேக்காட்டு அண்ணனும் அவரோடு மரம் மரமாக நடந்தார்கள். அக்கா வேலியோரம் நின்றாள். சுண்ணாம்புக் கோடு விழ விழ அவள் உதடு எண்ணியது. ஏழு, எட்டு.

நான் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தேன். எப்படி நடந்தேன் என்று தெரியாது. பெரியவருக்கு முன்னால் ஐந்தாறு அடியில் போய் நின்றேன். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. பக்கத்தில் ஒரு தென்னை இருந்தது, இன்னும் கோடு விழாதது. அதைப் பார்த்துக்கொண்டு பேசினேன்.

"கெணறு சாகல" என்றேன்.

எல்லாரும் நின்றார்கள். மரத்துக்குக் காது கேட்காது என்கிற தைரியத்தில் மற்றதையும் சொன்னேன்.

"அன்னைக்கு நான் ஆட்டோவைப் போட்டுட்டுக் காதுகுத்துக்குப் போயிட்டேன். வெறுங்கெணத்துல ஓடி ஓடித்தான் மோட்டார் எரிஞ்சுச்சு. வோல்டேஜ் இல்ல. வந்து நானே குமிழைத் திருப்பி வச்சேன். ஊத்து அத்துப்போகல. நாந்தான் ஒரு சொட்டு விடாம உறிஞ்சிட்டேன். இப்ப அஞ்சு படித் தண்ணி நிக்குது. தெனம் கண்ணாடி போட்டு எண்ணுறேன். எம்மேல என்ன கோவம்னாலும் படுங்க. மரத்த வெட்டாதீங்க."

என் வாழ்நாளில் அவ்வளவு பேச்சு ஒரே மூச்சில் நான் பேசியதில்லை. காளவாசல் ஆள் சுண்ணாம்பு டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலில் வந்தது அக்காவின் சத்தம். திட்டப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வேலிக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடி கூறுகெட்டவளே. இதுக்கா மூணு வாரமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்ச? எங்க முறை அன்னைக்கெல்லாம் ஆட்டோவைப் போட்டுட்டுத்தாண்டி நான் களை எடுக்கப் போனேன். உங்க முறைக்கு மொத நாளு சாயந்திரம் சாவியக் குடுக்குமுன்ன ஒரு ஓட்டு ஓடட்டும்னு போட்டுட்டு, ராத்திரி வரைக்கும் நிறுத்த மறந்துட்டேன். உன் அரை மணித் தண்ணியில பாதி என் தென்னைக்குத்தான் போச்சு. உங்கிட்ட அத எப்படிச் சொல்றதுன்னு நான் தவிச்சேன்."

நான் கண்ணைத் திறந்தேன்.

பெரியவர் தொண்டையைச் செருமினார். என்னைப் பார்க்கவில்லை. நான் பார்த்த அதே மரத்தைப் பார்த்துக்கொண்டு அக்காவிடம் சொன்னார். "அந்தப் புள்ளகிட்டச் சொல்லு. மாசி மாசம் ரெண்டு நாளு நானும் ராவெல்லாம் ஓட விட்டுருக்கேன். காலையில பாதையில தண்ணி கெடந்துச்சு. மண்ணப் போட்டு மூடுனேன்."

"மண்ணப் போட்டு மூடுனாராம்டி" என்றாள் அக்கா, எனக்குக் கேட்டிருக்காது என்பது போல.

எல்லாரும் மேக்காட்டு அண்ணன் பக்கம் திரும்பினோம். அவர் இரண்டு கையையும் தூக்கினார். "நான் ஆட்டோவே போட்டதில்ல. சத்தியமா."

"உங்க வாய்க்கால்ல கோரை இடுப்பு உசரம் நிக்குதே, அது எப்படி?" என்றாள் அக்கா.

"அது பனியில வளந்தது தாயி."

கடைசி வரைக்கும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பனிக் கோரை எங்கள் மூன்று வீட்டில் பல வருஷம் பேச்சாக இருந்தது.

சவரக் கண்ணாடி என் இடுப்பில்தான் இருந்தது. அக்கா பிடுங்கிப் பெரியவர் கையில் கொடுத்தாள். நாங்கள் எல்லாரும், காளவாசல் ஆளும் சேர்ந்து, கிணற்றைச் சுற்றி நின்றோம். பெரியவர் வெயிலைப் பிடித்துக் கீழே அடித்தார். ஒளி பாறையில் வழுக்கிக்கொண்டு இறங்கி, அடியில் ஒரு தட்டு மாதிரி மின்னியது. அவர் கை ஆடியபோது தண்ணீரும் ஆடியது. படியை எண்ணினார். இரண்டு தரம் எண்ணினார். "அஞ்சு இல்ல. அஞ்சரை" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. எனக்கு மூன்று வாரமாகத் தொண்டையில் நின்ற எழுத்து அப்போதுதான் கீழே இறங்கியது. அன்று மத்தியானம் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

குருத்து கருகிப்போன பதினோரு மரத்தைக் காளவாசலுக்குக் கொடுத்தார்கள். அவை எப்படியும் பிழைக்காது. மற்ற முப்பதும் நின்றன. கோடு போட்ட மரங்களில் சுண்ணாம்பு அடுத்த மழை வரைக்கும் இருந்தது.

அன்று ராத்திரி வீட்டுக்காரர் கேட்டார். "இந்தா, அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்கதான வோல்டேஜ்னு சொன்னீக."

"நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"நானும் ஒரு பேச்சுக்குத்தான் ம்முனேன்."

காயில் கட்டிய மோட்டாரை இறக்கும் முன்னால் ஆட்டோப் பெட்டியைக் கழற்றினார்கள். பெரியவரே திருகாணியைக் கழற்றினார். இனி யார் முறையானாலும் ஆள் கிணற்றடியில் நிற்க வேண்டும், பைப்பில் தண்ணீர் மெலிந்தால் அணைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். அமாவாசையன்று மோட்டார் போடுவதில்லை என்று இன்னொன்றும் சேர்த்தோம். அது அக்கா சொன்னது. "மாட்டுக்கு மட்டுந்தான் மூச்சு வாங்குமா? கெணத்துக்கும் வாங்கும்ல." மேக்காட்டு அண்ணனுக்கு அமாவாசை கிடையாது. ஆனாலும், "உங்க அமாவாசை, எங்களுக்கும் லீவு" என்று ஒத்துக்கொண்டார்.

அந்த வருஷம்தான் வீட்டுக்கு வீடு மழைத்தண்ணீரைப் பூமிக்குள் விடக் குழி எடுக்க வேண்டும் என்று அரசாங்கம் சொன்னது. ஊரில் நிறையப் பேர் அதிகாரி வரும்போது காட்டுவதற்காக ஒரு பைப்பைச் சுவரில் நட்டுவைத்தார்கள். நாங்கள் பாதையில் ஓடுகிற மழைத்தண்ணீரையே கிணற்றுக்குத் திருப்ப நினைத்தோம். கிணற்றுக்கு முன்னால் குழி வெட்டி, ஜல்லியும் மணலும் போட்டு, தெளிந்த தண்ணீர் மட்டும் உள்ளே விழுகிற மாதிரி வைத்தோம். நானும் அக்காவும்தான் ஜல்லி சுமந்தோம்.

பாதையில் போனவர்கள் சும்மா போகவில்லை. "ஊரே எண்ணூறு அடிக்கு போர் போட்டு உறிஞ்சுது. நீங்க மூணு வீட்டுக்காரங்க ஆட்டோவக் கழட்டிட்டா பூமி குளுந்துருமாக்கும்?" என்று ஒருவர் சைக்கிளை நிறுத்திக் கேட்டார்.

"பூமி குளுருதோ இல்லையோ, எங்க கெணறு நனையும். நீ போ அப்பு, கேரியர்ல வச்ச கத்திரிக்கா வாடுது" என்றாள் அக்கா.

அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எங்களால் மழை வந்தது என்றும் சொல்லமாட்டேன். கொடும்பாவியைக் கொளுத்தியதால் வந்தது என்றும் ஊரில் சிலர் சொன்னார்கள். அதுவும் எனக்குத் தெரியாது. அடுத்து வந்த ஐப்பசியில் மழை பிடித்தது, அது மட்டும் தெரியும். முதல் மழையன்று பாதைத் தண்ணீர் செம்மண்ணாகக் குழிக்குள் இறங்கி, மணலில் வடிந்து, கிணற்றுக்குள் விழுகிற சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. அக்கா தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்து என் கதவைத் தட்டினாள். இருவரும் நனைந்துகொண்டே போய் நின்றோம். மழைச் சத்தத்தில் பேசினாலும் கேட்டிருக்காது.

அதன் பிறகும் காய்ந்த வருஷங்கள் வந்தன. இப்போதும் வருகின்றன. வெயில் முன்னைவிடக் கடுமைதான், ரேடியோக்காரர் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஊரில் மற்றக் கிணறுகள் மாசியிலேயே பாறை தட்டும்போது எங்கள் கிணற்றில் சித்திரை வரைக்கும் நாலு படியாவது நிற்கும். அப்போது குடத்தோடு வந்து கேட்கிறவர்களில் அந்தச் சைக்கிள்காரர் வீட்டுப் பெண்ணும் உண்டு. அக்கா ஒரு நாளும் அவளிடம் குத்திக் காட்டியதில்லை. குடத்தைத் தூக்கிவிடும்போது மட்டும், "கத்திரிக்கா நல்லா இருக்கா?" என்று கேட்பாள்.

அக்கா பொங்கலுக்கு மகனைப் பார்க்கத் திருப்பூர் போவதோடு சரி. நாலாம் நாள் திரும்பிவிடுவாள். பைப்புத் தண்ணீரில் பருப்பு வேகவில்லையாம். முதல் தடவை போய் வந்தபோது எனக்கு ஒரு சேலை வாங்கி வந்தாள். நீலத்தில் வெள்ளைப் புள்ளி. "பழையவ போயிட்டாள்ல, அதான்" என்றாள்.

பெரியவரோடு நான் பிறகும் நேருக்கு நேர் பேசவில்லை. ஒரு தரம் பேசியதே எனக்கு இந்தப் பிறவிக்குப் போதும். ஆனால் முன்னே அக்கா கையில் வந்த சாவியை அதன் பிறகு அவரே கொண்டுவந்தார். எங்கள் வாசலில் ஒரு முருங்கை மரம் உண்டு. அதற்கு முன்னால் வந்து நிற்பார். நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன். சாவியை முருங்கைக் கிளையில் மாட்டிவிட்டு, மரத்தைப் பார்த்துச் சொல்வார்.

"பதினாலு படி நிக்குது. நாளைக்கு அமாவாசை. நாளன்னைக்குப் போட்டாப் போதும்."

அவர் தெருத் திரும்புகிற வரைக்கும் இருந்து, பிறகு போய்ச் சாவியை எடுப்பேன்.